கழிச்சுக் கழிச்சே கட்டின உலகம்: டார்க் சன் செட்டிங் இனி என்ன ஆகும்? ஒரு நிகழ்வு ஆய்வு

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (சுருக்கமா டி அண்ட் டி)ங்கற, பகடை உருட்டி கதை ஆடற விளையாட்டுல டார்க் சன்னு ஒரு செட்டிங், அதாவது கதை நடக்கற ஒரு பாலைவன உலகம். எங்க குழு அத ஆடினப்போ கேரக்டர் ஷீட்ல ஹிட் பாயிண்ட், அதாவது கேரக்டரோட உயிர் அளவு எழுதற கட்டத்துக்குப் பக்கத்துலயே தண்ணிக்குன்னு தனியா ஒரு கட்டம் பென்சில்ல போட்டுக்கிட்டோம். ஒரு மாசம் கழிச்சு பாத்தா அந்த இடத்துல பேப்பர் தேஞ்சு ஓட்டையே விழுந்துடுச்சு, அத்தனை தடவ அழிச்சு அழிச்சு எழுதியிருக்கோம். ஹிட் பாயிண்ட் கட்டம் அந்தளவுக்கு தேயவே இல்ல. இந்த செட்டிங் எப்படிப்பட்டதுன்னு யாராவது புதுசா கேட்டா நான் முதல்ல சொல்றது அந்த ஓட்டையப் பத்திதான்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸோட பழைய உலகங்கள்ல பாதிக்கு மேல அஞ்சாவது எடிஷன்ல, அதாவது 2014ல வந்த ரூல்ஸ் பதிப்புல எப்படியோ திரும்பி வந்துடுச்சு, டார்க் சன் மட்டும் வாசல் வரைக்கும் வந்து வந்து நிக்குது. அந்த உலகத்துல இருக்கற அடிமைத்தனம் பத்தின பிரச்சனைதான் காரணம்னு ஒரே வரியில முடிச்சுடறாங்க, அது உண்மைதான், ஆனா பாதி உண்மை. இன்னொரு பாதி ரூல்ஸ்குள்ள இருக்கு, அதப் பத்தி அவ்வளவா யாரும் பேசறதில்ல, அதனாலதான் இத முழுசா எழுதி வைக்கணும்னு தோணுச்சு.

எங்கிருந்து வந்துச்சு

1991ல, அப்போ டி அண்ட் டிய வெளியிட்ட டிஎஸ்ஆர் கம்பெனி டார்க் சன்ன ஒரு பாக்ஸ் செட்டா வெளியிட்டாங்க. எழுதினவங்க டிமதி பிரவுனும் ட்ராய் டென்னிங்கும், ஓவியம் ஜெரால்டு பிராம். வழக்கமா எழுத்து முடிஞ்சப்புறம்தான் ஓவியருக்கு ஆர்டர் போகும், இங்க பிராம் வரைஞ்ச படத்தப் பாத்துட்டு அதுல இருக்கற ஆட்களையும் ஐடியாக்களையும் டிசைனர்ஸ் உலகத்துக்குள்ள எழுதிச் சேர்த்தாங்க, அதனாலதான் அந்த புத்தகங்களத் திறந்தா எழுத்தும் படமும் ஒரே ஆள் செஞ்ச மாதிரி இருக்கும். உலகத்தோட பேரு அதாஸ். ஒரு காலத்துல பச்சையா இருந்த பூமி, மந்திரத்த கண்டபடி பயன்படுத்தினதால பாலைவனமாயிடுச்சு. டைர், யூரிக், ராம், டிராஜ், நிபெனே, கல்க், பேலிக்னு ஏழு நகரங்கள், ஒவ்வொண்ணையும் வயசாகி சாகாத ஒரு மந்திர ராஜாவோ ராணியோ ஆளறாங்க, அவங்களுக்கு கீழ டெம்ப்ளர்னு அதிகாரிங்க. கடவுள்னு யாருமே இல்ல, கிளெரிக், அதாவது பூசாரி வகை கேரக்டர் வேணும்னா நெருப்பையோ தண்ணியையோ காத்தையோ மண்ணையோதான் கும்பிடணும்.

இரும்பு அபூர்வம். எலும்பு, கல்லு, மரம், அப்சிடியன்ங்கற எரிமலைக் கண்ணாடி, இதுலதான் ஆயுதம், அதுவும் உலோகத்த விட அடியும் கம்மி, குறியும் கம்மி, சண்டை நடுவுல உடஞ்சும் போகும். காசு சுட்ட களிமண்ணுல. நோம் இனம் அழிஞ்சு போச்சு, ஆர்க் இனமும் இல்ல. எல்ஃப் காட்டுல பாட்டு பாடற அழகான இனம் கிடையாது, பாலைவனத்துல ஓடிக்கிட்டே வாழற நாடோடிங்க, ஹாஃப்லிங் மனுஷனத் தின்னும். பாலடின் கிளாஸே, அதாவது புனிதப் போர்வீரன்ங்கற கேரக்டர் வகையே கிடையாது. வழக்கமா டி அண்ட் டில கைக்குக் கிடைக்கற ஒவ்வொண்ணையும் எடுத்துப் பாத்து, இது இங்க இருக்கக்கூடாது, இதுவும் கூடாதுன்னு தள்ளிக்கிட்டே வந்திருக்காங்க, மிஞ்சினதுதான் அதாஸ். சேர்த்ததுன்னு பெருசா சொல்லணும்னா சயானிக்ஸ், அதாவது மனசக்தி, அங்க கிட்டத்தட்ட எல்லாருக்குமே கொஞ்சமாவது உண்டு. அப்புறம் திரி-கிரீன்ங்கற பூச்சி இனமும் மனுஷனும் ட்வார்ஃபும் கலந்த முல்லும் அரை ராட்சசனும்.

இந்தக் கழித்தலுக்கு ஈடா ஆட்டக்காரருக்கு வேற வழியில பலம் குடுத்தாங்க, அத மறந்துடக்கூடாது. மூணு ஆறுமுக பகடைக்கு பதிலா அஞ்சு நாலுமுக பகடை உருட்டி ஸ்டேட்ஸ், அதாவது பலம், அறிவு மாதிரி எண்கள எடுக்கலாம், முதல் லெவல்ல இல்லாம மூணாவது லெவல்ல ஆரம்பிக்கலாம். கூடவே கேரக்டர் ட்ரீன்னு ஒண்ணு, ஆளுக்கு நாலு கேரக்டர் செஞ்சு வச்சுக்கணும், ஒண்ணு ஆட்டத்துல, மூணு வெளிய காத்துக்கிட்டு. நீ பலசாலிதான், ஆனாலும் சாவ, செத்தா அடுத்த ஆள் ரெடியான்னு புத்தகமே கேக்குது. வேற எந்த செட்டிங்கும் அந்தக் காலத்துல இவ்வளவு நேரடியா சொன்னதா எனக்குத் தெரியல.

முதல் தடவ எப்படி செத்துச்சு

1991லயே டென்னிங் எழுதின பிரிசம் பென்டாட் நாவல் வரிசையும் ஆரம்பிச்சுடுச்சு, மொத்தம் அஞ்சு புத்தகம். முதல் நாவல்லயே டைர் ராஜா காலக்கைக் கொன்னுடறாங்க. அதே சமயம் வந்த முதல் அட்வென்ச்சர் மாட்யூலோட, அதாவது டேபிள்ல ஆடறதுக்குன்னு தயாரா எழுதின கதையோட பேரு ஃப்ரீடம், அதுல ஆட்டக்காரங்க அடிமைகளாப் பிடிபட்டு காலக்கோட பிரம்மாண்ட சிகுராட், அதாவது படிப்படியா உயர்ற கோபுரம் கட்டற வேலையில மாட்டிக்கறாங்க. நல்ல ஆரம்பம்தான், ஆனா கடைசியில காலக் மேல ஈட்டிய எறியறது நாவலோட ஹீரோ, நம்ம கேரக்டர் அரங்கத்துல கூட்டத்தோட நின்னு பாத்துக்கிட்டு உயிர் பிழைக்கறதுக்காக ஓடணும். எத்தனை வாரம் தண்ணி எண்ணி, எலும்புக் கத்தி உடஞ்சு, கூட்டாளியப் பறிகொடுத்து அந்த இடத்துக்கு வந்திருப்பீங்க, அங்க உங்க கையில ஈட்டி இல்ல.

அடுத்தடுத்த நாவல்கள்ல இன்னும் சில ராஜாக்கள் போனாங்க, டிராகனே போயிடுச்சு. 1995ல திருத்தின பாக்ஸ் செட் வந்தப்போ நாவல் முடிஞ்ச இடத்துலேருந்துதான் உலகம் தொடங்குது, பழைய ரகசியங்கள் எல்லாத்துக்கும் விடை எழுதி வச்சிருந்தாங்க, ராஜாட்ங்கற ஆதி மந்திரவாதி யாரு, அவனோட சாம்பியன்கள் ஒவ்வொரு இனத்தையும் எப்படி அழிச்சாங்கன்னு பூரா வரலாறும் இருந்துச்சு. வாசிக்க சுவாரசியம்தான், எனக்கே அந்த வரலாறு பிடிக்கும். ஆனா கொல்ல வேண்டிய ராஜாவ வேற யாரோ கொன்னுட்ட உலகத்துல ஆட்டக்காரருக்கு என்ன வேலை மிச்சம் இருக்கு?

1996ல வரிசையே நின்னுடுச்சு. இதுல டார்க் சன்னோட தப்புன்னு தனியா பெருசா எதுவும் இல்ல. டிஎஸ்ஆர் 1989ல ஸ்பெல்ஜாமர், 1990ல ரேவன்லாஃப்ட், 1991ல டார்க் சன், 1992ல அல்-காடிம், 1994ல பிளேன்ஸ்கேப், 1995ல பர்த்ரைட்னு வரிசையா விட்டுக்கிட்டே போச்சு, வாங்கறவங்க அதே கூட்டம்தான், ஒருத்தர் ஒரு உலகத்தோட ஒட்டிக்கிட்டா மத்த உலகத்து புத்தகத்த வாங்கமாட்டார். கடன்ல மூழ்கின அந்த கம்பெனிய 1997ல விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்ங்கற கம்பெனி வாங்கிடுச்சு, 1999ல ஹாஸ்ப்ரோ விசார்ட்ஸையே வாங்கிடுச்சு. ஒரே கம்பெனிக்கு நிறைய உலகம் ஆகாதுங்கற பாடத்த அன்னைக்கு கத்துக்கிட்டாங்க, இன்னிக்கு வரைக்கும் அந்த பயம் போகல.

மூணாவது எடிஷன் காலத்துல முழு புத்தகம் வரல. அதாஸ் டாட் ஆர்க்னு ரசிகர் தளம் ஒண்ணுக்கு விசார்ட்ஸ் அதிகாரப்பூர்வ அனுமதி குடுத்துச்சு, அவங்க வருஷக்கணக்கா உக்காந்து ரூல்ஸ மாத்தி எழுதி இலவசமா குடுத்தாங்க. 2004ல டிராகன், டன்ஜன் பத்திரிகைகள்ல ஒரு பதிப்பு வந்துச்சு. அவ்வளவுதான். ரசிகர்கள் மட்டும் இல்லன்னா நடுவுல இருந்த அந்தப் பதினாலு வருஷத்துல அதாஸ் மொத்தமா மறந்து போயிருக்கும், அந்த கைகளுக்கு நன்றி சொல்லாம இந்த ஆய்வ எழுத முடியாது.

2010: ஒழுங்கா திரும்பி வந்த ஒரே தடவ

நாலாவது எடிஷனப் பத்தி நிறைய பேருக்கு கோபம் உண்டு, அது தனி கதை. ஆனா டார்க் சன் விஷயத்துல அவங்க செஞ்ச வேலை நேர்த்தியானது. ரிச்சர்ட் பேக்கர், ராபர்ட் ஷ்வால்ப், ராட்னி தாம்சன் மூணு பேரும் எழுதின கேம்பெய்ன் செட்டிங் 2010 ஆகஸ்ட்ல வந்துச்சு. காலத்த பின்னாடி இழுத்து காலக் செத்த மறுகணத்துலயே நிறுத்திட்டாங்க, மத்த ராஜாக்கள் எல்லாரும் உயிரோட. இனி நடக்கப் போறது உங்க டேபிளோட பொறுப்புன்னு விட்டுட்டாங்க, நாவல் செஞ்ச சேதம் ஒரே முடிவுல சரியாயிடுச்சு.

அவங்களுக்கு இருந்த பெரிய சிக்கல் கழித்தல்தான். டிராகன்பார்ன், டீஃப்லிங்னு புது இனங்கள ஏற்கனவே கோர் புத்தகத்துல வித்தாச்சு, அத எல்லாம் தூக்கி எறின்னு சொன்னா வாங்கினவங்க சும்மா இருப்பாங்களா, அதனால டிராகன்பார்ன டிரேன்னு அதாஸ்ல ஏற்கனவே இருந்த ஒரு இனமா மாத்திட்டாங்க, கோலியத்த அரை ராட்சசனாக்கிட்டாங்க, டீஃப்லிங்க பாலைவனக் கொள்ளைக்காரங்களா வச்சாங்க. ஆனா கடவுள் சக்தி கிளாஸ்கள் கிடையாதுன்னு உறுதியா நின்னாங்க. மந்திர ஆயுதம் அள்ளிக் குடுக்கக்கூடாதே, குடுக்கலன்னா அந்த எடிஷனோட கணக்கு உதைக்குமே, அதுக்கு லெவலுக்கு ஏத்த மாதிரி தானா வர்ற போனஸ்னு ஒரு மாற்று ரூல் வச்சாங்க. எங்க வளைஞ்சு குடுக்கலாம், எங்க குடுக்கக்கூடாதுன்னு அவங்களுக்கு நல்லா தெரிஞ்சிருந்துச்சு.

ஆயுதம் உடையறதையும் அழகா மாத்தினாங்க. பகடையில 1 விழுந்தா ரெண்டு வழி, தவறினத ஏத்துக்கிட்டு ஆயுதத்த காப்பாத்திக்கலாம், இல்ல திரும்ப உருட்டலாம், உருட்டினா எலும்போ கல்லோ அந்த அடி முடிஞ்சதும் உடஞ்சிடும், உலோகமா இருந்தா ரெண்டாவது உருட்டல் 5 இல்ல அதுக்கு கீழ போனாதான் உடையும். உலோகக் கத்தி ஒண்ணு கிடைச்சா அது எவ்வளவு பெரிய விஷயம்னு வர்ணிக்கவே வேணாம், அந்த ஒரு ரூலே சொல்லிடும்.

டிஃபைலிங், அதாவது மண்ணை எரிச்சு எடுக்கற மந்திரம்

அதாஸோட உயிர்நாடி இதுதான், அதனால இங்க கொஞ்சம் நிக்கறேன். அங்க மந்திரம் செடிகொடியோட உயிர்லேருந்து வருது. பொறுமையா, செடிக்கு சேதமில்லாம எடுக்கறவன் பிரிசர்வர். அவசரமா உறிஞ்சறவன் டிஃபைலர், அவன் நிக்கற இடத்தச் சுத்தி எல்லாம் சாம்பல், அந்த மண்ணுல அப்புறம் ரொம்ப காலத்துக்கு ஒண்ணும் முளைக்காது.

1991 ரூல்ஸ்ல இது ரெண்டு தனித்தனி மந்திரவாதி வகை. டிஃபைலருக்கு லெவல் ஏற கம்மி எக்ஸ்பீரியன்ஸ் போதும், சீக்கிரமா மேல போயிடுவான். மந்திரத்தோட லெவலையும் அந்த நிலத்தோட வளத்தையும் வச்சு எவ்வளவு தூரத்துக்கு சாம்பலாகும்னு டேபிள் பாத்து கண்டுபிடிக்கணும், வறண்ட பூமியா இருந்தா வட்டம் இன்னும் பெருசாகும், ஏன்னா அங்க உறிஞ்ச உயிர் கொஞ்சம்தானே இருக்கு. கருத்தா யோசிச்சா இது பிரமாதம். ஆட்டத்துல ஒரு குறை இருந்துச்சு, கேரக்டர் செய்யும்போதே நீ எந்தப் பக்கம்னு முடிவாயிடும், அதுக்கப்புறம் சபலம்னு ஒண்ணுக்கு இடமே இல்ல.

2010 ரூல்ஸ்ல மந்திர கிளாஸ் எடுத்த எல்லாருக்குமே ஆர்கேன் டிஃபைலிங்னு ஒரு பவர் இலவசமா வந்துடும். ஒரு நாளைக்கு ஒரு தடவ மட்டும் போடற பெரிய மந்திரம் தவறிடுச்சுன்னா திரும்ப உருட்டிக்கலாம், ஆனா பக்கத்துல இருக்கற உன் கூட்டாளிங்க ஒவ்வொருத்தரோட உடம்புலேருந்தும் உயிர் போகும், அவங்க சம்மதிச்சாலும் சம்மதிக்கலன்னாலும். எங்க டேபிள்ல ஒரு தடவ சண்டை கை மீறிப் போயிடுச்சு, எங்க மந்திரவாதி கடைசியா வச்சிருந்த பெரிய மந்திரத்த போட்டான், பகடையில 4 விழுந்துச்சு. எல்லாரும் அவன் மூஞ்சியத்தான் பாத்தோம், ஏன்னா அவன் பக்கத்துல விழுந்துட்டா எழுந்திருக்கவே முடியாத நிலையில எங்க முல் நின்னுக்கிட்டிருந்தான். "டேய் வேணாம்டா, நான் செத்துடுவேன்"னு முல் ஆடினவன் சொல்றான், அவனுக்கு குரல் நெஜமாவே கம்மிடுச்சு. "உருட்டலன்னா நாம எல்லாருமே சாவோம்டா"ன்னு இவன் பகடைய எடுத்து உருட்டிட்டான். 17. ராட்சசன் விழுந்தான், முல்லும் விழுந்தான். அந்த ரெண்டு பேரும் அன்னைக்கு ஆட்டம் முடியற வரைக்கும் ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கல, அடுத்த வாரம் வந்துதான் பேசினாங்க. சுற்றுச்சூழல் அழிவப் பத்தி எத்தனையோ வாசிச்சிருக்கேன், இன்னொருத்தன் உயிர எடுத்து தன் காரியத்த முடிச்சுக்கறதுன்னா என்னன்னு எனக்கு புரிஞ்சது அந்த டேபிள்லதான்.

புது எடிஷனுக்கு டார்க் சன் வந்தா இந்த இடத்தத்தான் எல்லாரும் உத்துப் பாக்கணும். டிஃபைலிங்குக்கு ஆகற செலவு அடுத்தவன் தலையில விழணும். மந்திரவாதி தன்னோட சொந்த சக்தியில கொஞ்சம் குடுத்து டேமேஜ ஏத்திக்கறதுன்னு மட்டும் வச்சுட்டா அது வேற எந்த கிளாஸ்லயும் இருக்கற சாதாரண ஃபீச்சர், பேரு மட்டும்தான் டிஃபைலிங்.

அஞ்சாவது எடிஷனோட மௌனம்

2014ல அஞ்சாவது எடிஷன் வந்துச்சு. 2016ல கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்ங்கற புத்தகம் வழியா ரேவன்லாஃப்ட், 2019ல எபரான், 2022ல ஸ்பெல்ஜாமர், அதே வருஷக் கடைசியில டிராகன்லான்ஸ், 2023ல பிளேன்ஸ்கேப், 2024 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடுல கிரேஹாக். இத்தனை பேரக் கூப்பிட்டவங்க அதாஸ கூப்பிடல.

2022ல ஸ்பெல்ஜாமர்ல ஹடோஸிங்கற குரங்கு போன்ற இனத்துக்கு புதுசா ஒரு வரலாறு எழுதியிருந்தாங்க, ஒரு மந்திரவாதி அவங்கள பிடிச்சு மாத்தி அடிமைப் படையா விக்கறதுக்கு தயார் பண்ணான்னு, கூடவே ஒரு ஓவியம் அமெரிக்காவுல கறுப்பின மக்கள கேவலப்படுத்தின பழைய மேடைக் கூத்த ஞாபகப்படுத்தற மாதிரி இருந்துச்சு. கண்டனம் வந்ததும் செப்டம்பர் தொடக்கத்துலயே விசார்ட்ஸ் மன்னிப்பு கேட்டு அந்தப் பகுதிய நீக்கிட்டாங்க. அந்தக் கண்டனம் நியாயமானது. அடுத்த சில மாசத்துலயே, 2023 தொடக்கத்துல, அப்போ டி அண்ட் டி எக்ஸிக்யூட்டிவ் புரொடியூசரா இருந்த கைல் பிரிங்க் ஒரு பேட்டியில டார்க் சன் பல விதத்துல பிரச்சனையானது, நாங்க அதுக்கு திரும்பாததுக்கு அதுதான் முக்கியக் காரணம்னு வெளிப்படையாவே சொல்லிட்டார். சில பத்திக்கே அவ்வளவு அடி வாங்கின ஒரு கம்பெனி, அடிமைச் சந்தையும் இன அழிப்பும் அஸ்திவாரத்துலயே இருக்கற ஒரு உலகத்த தொட யோசிச்சதுல ஆச்சரியமே இல்ல.

என் கருத்து ரெண்டு பக்கமும் போகுது. அதாஸ்ல அடிமைத்தனம் ராஜாக்களோட குற்றம், முதல் மாட்யூலோட பேரே ஃப்ரீடம், காலக் செத்ததும் டைர்ல அடிமைகள விடுதலை பண்றாங்க, அந்த விடுதலைய எப்படிக் காப்பாத்தறதுங்கறதுதான் அதுக்கப்புறம் அந்த நகரத்தோட கதை. அதனால அடிமைத்தனத்த எடுத்துட்டா எதிர்த்து நிக்க ஒண்ணுமே இல்லாம போயிடும்னு சொல்ற ரசிகர்கள் சொல்றது சரி. ஆனா 1990கள் புத்தகங்கள்ல அது எப்பவும் குற்றமாத்தான் எழுதப்பட்டிருக்குன்னு சொல்ல எனக்கு மனசு வரல. நிறைய இடத்துல அது வெறும் பின்னணி, சந்தையில பானை விக்கற மாதிரி மனுஷனும் விக்கறான்னு எழுதிட்டு தாண்டிப் போயிடறாங்க. முல் இனத்த எடுத்துக்கங்க, மனுஷனையும் ட்வார்ஃபையும் கலந்து உழைக்கறதுக்காகவே பிறப்பிச்ச இனம், அந்தப் பேரே கோவேறு கழுதைய ஞாபகப்படுத்துது, தன் முன்னோர் கதையில இது நெஜமா நடந்த ஒரு ஆள் டேபிள்ல உக்காந்திருந்தா அவருக்கு அத வாசிக்க எப்படி இருக்கும்? இத சரி பண்ணலாம். விக்கறவன் பார்வையிலேருந்து எழுதாம விக்கப்பட்டவங்க பார்வையிலேருந்து எழுதினாலே பாதி மாறிடும், ஓடிப்போன அடிமைகளோட குழுக்களப் பத்தி 1992லயே தனி புத்தகம் போட்டவங்கதானே, விதை அங்கயே இருக்கு. அதுக்கு உழைக்கணும், பொறுப்பா எழுதற ஆட்கள வைக்கணும், தவிர்க்கறது அத விட சுலபம்.

தண்ணிக் கணக்கு

சரி, நாளைக்கே அடிமைத்தனம் பத்தின பகுதிய ரொம்ப அக்கறையா திருத்தி எழுதிட்டாங்கன்னு வச்சுக்குவோம். அப்பவும் அதாஸ் அஞ்சாவது எடிஷனுக்குள்ள நுழையாது. கணக்கு போட்டே காட்டறேன்.

2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக் படி ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன் தண்ணி, வெயில் காலம்னா ரெண்டு காலன். நாலு பேர் கொண்ட குழு, அஞ்சு நாள் பாலைவனப் பயணம்னா 40 காலன், கிட்டத்தட்ட 150 லிட்டர், 150 கிலோ சுமை. ஒரு தண்ணிப் பைக்கு அரை காலன்தான் பிடிக்கும், அப்போ 80 பை. கேக்கறதுக்கே பயங்கரமா இருக்கு, சுமக்கற மிருகம் வேணும், ஊத்து எங்க இருக்குன்னு தெரிஞ்சவன் வேணும், ஊத்துக்கு காவல் நிக்கறவன்கிட்ட பேரம் பேசணும், இதுவே அதாஸ்ல ஒரு முழு அட்வென்ச்சர். இப்போ அதே புத்தகத்துல கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டர்னு முதல் லெவல் மந்திரம் பாருங்க, ஒரு தடவ போட்டா 10 காலன். குழுவுக்கு ஒரு நாளைக்கு வேணுங்கறது 8. ஆக ஒரே ஒரு கிளெரிக்கோ, இயற்கை மந்திரம் போடற ட்ரூயிடோ இருந்தா, காலையில எழுந்ததும் ஒரு முதல் லெவல் ஸ்லாட்ட, அதாவது அன்னைக்கு மந்திரம் போடறதுக்கு இருக்கற வாய்ப்புல ஒண்ண செலவு பண்ணிட்டா பாலைவனம் முடிஞ்சுது. சாப்பாட்டுக்கு குட்பெரின்னு ஒரு மந்திரம், பத்து பழம், பழத்துக்கு ஒரு ஆள் ஒரு நாள் தாங்கும். இன்னும் அவுட்லேண்டர் பேக்ரவுண்ட், அதாவது ஊருக்கு வெளிய காட்டுல வளந்தவன்ங்கற பின்னணி எடுத்தவன் ஒருத்தன் இருந்தா தனக்கும் கூட அஞ்சு பேருக்கும் தினமும் உணவும் தண்ணியும் தேடிக்குடுத்துடுவான், நிலத்துல கிடைக்கற மாதிரி இருந்தா போதும், பகடை கூட உருட்ட வேணாம்.

இத நான் அந்த எடிஷனோட குறையா சொல்லல, வீர சாகசம் ஆடணும்னு வர்றவங்க தண்ணி எண்ணி சலிச்சுடக்கூடாதுன்னு நல்ல எண்ணத்துலதான் அப்படி வச்சாங்க. ஆனா டார்க் சன் வேணும்னா இத எல்லாம் வெட்டணும். 2010 குழு இதுக்கும் ஒரு நடுவழி கண்டுபிடிச்சுது, சர்வைவல் டேன்னு ஒரு பொருள், ஒரு நாளுக்குத் தேவையான தண்ணியும் உணவும் வெயில் காப்பும் சேர்ந்த ஒரே மூட்டை, தினம் ஒண்ணு கழியும், தீந்துட்டா சன் சிக்னஸ்னு நோய் ஆரம்பிக்கும். காலன் காலனா எண்ண வேணாம், ஆனா பயம் அப்படியே இருந்துச்சு. அந்த மாதிரி ஒண்ணு வந்தே ஆகணும்.

இங்கதான் வியாபாரம் குறுக்க வருது. இன்னிக்கு ஒரு டி அண்ட் டி புத்தகம் விக்கறது அதுல என்ன புதுசா சேர்த்திருக்குங்கறத வச்சுத்தான், புது இனம், புது சப்கிளாஸ் (கிளாஸோட உட்பிரிவு), புது மந்திரம், நீங்க ஏற்கனவே வாங்கின எல்லாத்தோடயும் இதுவும் சேரும்னு சொல்லித்தான் விக்கறாங்க. டார்க் சன் புத்தகத்தோட முதல் பக்கம் நீங்க வாங்கினதுல பாதி இங்க செல்லாதுன்னு சொல்லணும். பாலடின் இல்ல, கடவுள் இல்ல, நோம் இல்ல, அந்த மந்திரம் இல்ல, இந்த மந்திரத்துக்கு பாதி அளவுதான். அடிமைத்தனத்த விட இந்த முதல் பக்கத்த எழுதறதுதான் கம்பெனிக்கு கஷ்டம்னு நான் நினைக்கறேன்.

கதவு லேசா திறக்குதா

2025ல இது சம்பந்தமா ரெண்டு சோதனை ஆவணம் வந்துச்சு, அதாவது ஆட்டக்காரங்க ஆடிப் பாத்து கருத்து சொல்றதுக்காக விசார்ட்ஸ் முன்கூட்டியே விடற ரூல்ஸ். மே மாசம் சயான் கிளாஸ். 2015லேருந்து 2017 வரைக்கும் மிஸ்டிக்னு ஒரு மனசக்தி கிளாஸ சோதிச்சுப் பாத்து, எல்லாத்தையும் செய்யற ஒரே கிளாஸா ஆயிடுச்சுன்னு கைவிட்டாங்களே, அதுக்கப்புறம் இப்பதான் முழு கிளாஸா ஒரு முயற்சி. ஆகஸ்ட்ல அபோகலிப்டிக் சப்கிளாஸஸ்னு இன்னொண்ணு, அதுல கிளாடியேட்டர் ஃபைட்டர், பிரிசர்வேஷன் ட்ரூயிட், டிஃபைல்ட் சார்சரர், சார்சரர்-கிங், அதாவது அந்த மந்திர ராஜாவோட ஒப்பந்தம் போடற வார்லாக். டார்க் சன் ஆடினவங்க யாருக்கும் இதுக்கு விளக்கம் தேவையில்ல. நாலாவது எடிஷன்லயும் இதே வரிசைதான், 2010 மார்ச்ல மூணாவது பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல சயானிக்ஸ், ஆகஸ்ட்ல டார்க் சன். அதனால நம்பிக்கைக்கு காரணம் உண்டு.

ஆனா பட்டியல திரும்ப ஒரு தடவ படிங்க. நாலுமே சேர்க்கறது. எத எடுப்போம்னு ஒரு வரி கூட அதுல சோதனைக்கு வரல. சோதனை ஆவணத்தோட இயல்பே அதுதான், ஒத்துக்கறேன். ஆனாலும் பிரிசர்வேஷன் ட்ரூயிட்ட ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்ங்கற வேற உலகத்துலயும் ஆடலாம், கிளாடியேட்டர எங்க வேணும்னாலும் ஆடலாம், அப்போ அதாஸோட பாகங்கள் எல்லாம் தனித்தனியா கழண்டு பொதுப் பெட்டிக்குள்ள போயிட்டு அதாஸ் மட்டும் வராமலே போறதுக்கும் இடம் இருக்கு. எனக்கு அந்த முடிவுதான் ரொம்ப பயமா இருக்கு, மொத்தமா மறந்துடறத விட அது மோசம், ஏன்னா அதுக்கப்புறம் புத்தகம் கேட்டா அதான் குடுத்தாச்சேன்னு சொல்லிடலாம்.

ரசிகர்களே செஞ்சுக்கலாமேன்னு கேப்பீங்க. ரூல்ஸ மத்தவங்க பயன்படுத்த அனுமதிக்கற ஓஜிஎல் உரிமத்த கம்பெனி மாத்தப் பாத்ததால வந்த சண்டைக்கு அப்புறம் 2023 ஜனவரில அஞ்சாவது எடிஷனோட அடிப்படை ரூல்ஸ கிரியேட்டிவ் காமன்ஸ்ங்கற பொது உரிமத்துல விட்டாங்க, அதனால ரூல்ஸ் எல்லாருக்கும் சொந்தம். ஆனா அதாஸ், டைர், காலக்ங்கற பேருங்க கம்பெனியோடது. ரசிகர் படைப்புகள விக்கற டிஎம்ஸ் கில்ட்ங்கற இணையக் கடையில பல உலகங்களுக்கு ரசிகர்கள் எழுதி விக்க அனுமதி குடுத்தவங்க டார்க் சன்ன அஞ்சாவது எடிஷனுக்கு அந்தப் பட்டியல்ல சேர்க்கல. பழைய புத்தகங்களோட பிடிஎஃப் மட்டும் முன்னாடி ஒரு எச்சரிக்கைக் குறிப்போட வித்துக்கிட்டிருக்காங்க. நீங்க எழுதமாட்டீங்க, எங்களையும் எழுத விடமாட்டீங்க, பழசுக்கு மட்டும் காசு வாங்குவீங்கன்னா இது எந்த ஊரு நியாயம்?

என்ன செய்யணும்னு என்னக் கேட்டா, 2010 அளவுல ஒரே ஒரு புத்தகம் போதும், கூட நாவல் வரிசை வேணாம், காலக் செத்த நாள்ல உலகத்த நிறுத்துங்க. அத செய்ய மனசில்லன்னா டிஎம்ஸ் கில்ட்ல கதவத் திறந்துடுங்க, அடிமைத்தனத்த எப்படி எழுதணும்னு கறாரா ஒரு வழிகாட்டி போடுங்க, மீறினா எடுத்துடுங்க, இத்தனை வருஷம் சம்பளமில்லாம அதாஸ தூக்கி சுமந்த ஆட்கள் இன்னும் அங்கயேதான் இருக்காங்க. இந்த ரெண்டும் இல்லாம ஏதோ ஒரு பெரிய புத்தகத்துல இருபது பக்கம் ஒதுக்கி நாலு சப்கிளாஸோட முடிச்சுக்கறதா இருந்தா வேணாம், விட்டுடுங்க, எங்ககிட்ட பழைய பெட்டி இருக்கு.

புத்தகம்னு ஒண்ணு வந்துடுச்சுன்னா அட்டைப்படத்தயோ ராஜாக்களோட பக்கத்தயோ நான் முதல்ல பாக்க மாட்டேன். மந்திரப் பட்டியலத் திருப்பி கிரியேட் ஆர் டிஸ்ட்ராய் வாட்டருக்கு கீழ என்ன எழுதியிருக்குன்னு பாப்பேன். அங்க ஒரு திருத்தம் இருந்துச்சுன்னா அன்னைக்கே பழைய குழுவுக்கு போன் போட்டு, பென்சில எடுத்துட்டு வாங்கடான்னு சொல்லிடுவேன்.